தெற்கு வாசலில் ஓர் ஏலம்

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒன்று கேட்டால் வாயால் பதில் வராது. விரலால் சுவரைக் காட்டுவார்கள், இல்லையென்றால் போனை எடுத்துத் தேய்ப்பார்கள். கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி பேசும். நான்கு வாசல் வைத்துக் கட்டிய கோர்ட்டில் மூன்றைப் பூட்டிவிட்டு, நாலாவதில் ஆளைச் சோதிக்கிற ஓர் இரும்பு வளையத்தை நிறுத்தி, இதற்குள் நுழைந்து வா என்பார்கள், சந்தையில் ஆட்டுக்குட்டியை எடை மேடையில் ஏற்றுகிற மாதிரி. அப்படி நுழைந்து வந்தவனையும் நம்ப மாட்டார்கள். பெல்ட்டைக் கழற்று என்பார்கள். லுமிர் கோட்டாஸுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

லுமிருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. டெல்ஃபர் ஊருக்குத் தெற்கே, கேன்சஸின் காற்று குறுக்கே எதுவும் இல்லாமல் வந்து மோதுகிற மேட்டில், நூற்றறுபது ஏக்கரும் ஒரு வீடும் ஒரு கிணறும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிலத்தை அப்பா இரண்டு பையன்கள் பேரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார். தம்பி எமில் நகரத்துக்குப் போய் டயர்க் கடை வைத்தான், போன வருடம் இறந்தான். அவன் பாதி அவன் மகன் ப்ரென்ட்டுக்கு வந்தது.

ப்ரென்ட் கெட்டவன் இல்லை என்று ஊர் சொல்லும். முதலில் பெரியப்பாவிடமே பாதியை வாங்கிக்கொள்ளச் சொன்னான். விலையும் நியாயமான விலை. ஆனால் அந்தக் காகிதம் ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து வந்தது. வக்கீல் அனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உருப்பட்டவனை லுமிர் பார்த்ததில்லை. அடுப்பில் போட்டார். இரண்டாவது வந்தது, அதையும் போட்டார். ப்ரென்ட் கோர்ட்டுக்குப் போனான். வீடும் கிணறும் ஒரே பக்கத்தில் இருப்பதால் நிலத்தை இரண்டாக வெட்டினால் ஒரு பாதி உபயோகப்படாது, மொத்தமாக ஏலத்தில் விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார்.

லுமிரும் ஏலம் கேட்கலாம். அதில் தடை இல்லை. மாட்டையும் தன் பாதியையும் காட்டி ஊர் வங்கியில் ஒரு தொகைக்குக் கடன் வாக்கு வாங்கி வைத்திருந்தார். வங்கியையும் அவர் நம்பியதில்லை. ஆனால் ஏலத்தில் நிலம் போனால் வீடு போகும். வீடு போனால் படுக்க வேறு இடம் கிடையாது. ஊர்க்கோடியில் முதியோர் விடுதி ஒன்று இருந்தது, அதற்குள் போன யாரும் திரும்பி வந்து அவர் பார்க்கவில்லை.

பேப்பரில் மூன்று வாரம் அறிவிப்பு வந்தது. கோர்ட்டுக் கட்டடத்தின் முன்வாசலில், காலை பத்து மணிக்கு, ஷெரீஃப் ஏலம் விடுவார். இந்த வாசகம் அந்த ஊரில் முதல் நிலம் ஏலம் போன நாளிலிருந்து ஓர் எழுத்து மாறாமல் வருகிறது.

ஏலத்துக்கு முந்தின நாள், சதுக்கத்தின் வடக்குப் பக்கத்துக் காபிக்கடையில் ஆல்வின் ஸ்டெக்லின் கேட்டான். ஆல்வின் பக்கத்துப் பண்ணைக்காரன், அறுபது வருடப் பழக்கம், பன்றி வளர்க்கிறவன்.

"நாளைக்கு எந்த வாசல்யா?"

"முன்வாசல். பேப்பர்ல போட்டிருக்கான்ல."

"போட்டிருக்கான். முன்வாசல் எதுன்னு போடலியே."

"அதைப் போட வேற செய்யணுமா? தெக்கு வாசல்."

"இப்பல்லாம் மேக்குலதான் நடக்குது லுமிர். போன வருஷம் ஓடையோர நிலம் போனப்ப நான் நின்னு பாத்தேன்."

"நீ நின்னு பாத்தா அது முன்வாசல் ஆயிடுமா? அப்ப உன் பன்னிக்கொட்டில்தான் இந்த ஊருக்கே முன்வாசல். தினம் அங்கதான நிக்கிற?"

ஆல்வின் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. பேச்சு அதோடு நின்றுபோனது.

அந்தக் கோர்ட்டுக்கு முன்வாசல் எது என்ற சண்டை கட்டடத்தைவிடப் பழையது. ஊர் பிறந்த புதிதில் சதுக்கத்தின் நான்கு பக்கமும் கடைக்காரர்கள். வடக்கே வங்கிக்காரன், கிழக்கே ஓட்டல்காரன், தெற்கே ரயிலடியும் தானியக் கிடங்கும், மேற்கே குதிரை லாயமும் சாராயக்கடைகளும். கோர்ட்டு எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் வியாபாரம் நடக்கும், முதுகு காட்டுகிற பக்கம் செத்துப்போகும். இதற்காக ஓட்டல்காரன் வங்கிக்காரனின் மூக்கை உடைத்தான். கடைசியில் கட்டட வரைபடம் போட வெளியூரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். அவன் இரண்டு நாள் இந்தக் கூச்சலைக் கேட்டான். மூன்றாம் நாள் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வரைந்து கொடுத்துவிட்டு ரயில் ஏறிப் போய்விட்டான்.

வரைந்தபடியே எழுப்பினார்கள். இந்த மண்ணிலேயே வெட்டிய மஞ்சள் சுண்ணாம்புக் கல், நடுவில் துருப்பிடித்த மாதிரி ஒரு கோடு ஓடும். ஒவ்வொரு பக்கமும் எருமை நுழைகிற அளவுக்கு ஒரு வளைவு, இரண்டு பக்கமும் குட்டையான தடித்த தூண்கள், தூண் தலையில் கோதுமைக் கதிர் செதுக்கல், கீழே அகலமான படிகள். உள்ளே இரண்டு தாழ்வாரங்கள் கூட்டல் குறி போலக் குறுக்கிட்டுக்கொள்ளும். சரியாக நடுவில் கோபுரம், அதில் நான்கு கடிகாரம். மேல்மாடி முழுக்க விசாரணைக் கூடம். வேலை முடிந்த நாளில் நான்கு பக்கத்துக் கடைக்காரர்களும் ஆளுக்கொரு கயிறு கொண்டுவந்து வளைவுகளை அளந்து பார்த்தார்களாம், எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு ஓர் அங்குலம் கூடிவிட்டதா என்று. கூடவில்லை.

உச்சியில் நீதி தேவதையை நிறுத்த வேண்டியிருந்தது. அவள் எந்தப் பக்கம் பார்ப்பது? மறுபடி சண்டை. துத்தநாகத் தகட்டில் செய்து, காற்றுக்குத் திரும்புகிற மாதிரி அச்சில் மாட்டிவிட்டார்கள். தராசும் கையுமாக அவள் கூரையில் காற்றுத் திசை காட்டுகிற சேவல் பொம்மை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். லுமிர் பிறப்பதற்கு முன்பே ஒரு புயலில் கழன்று தானியக் கிடங்கின் கூரையில் போய் விழுந்தாள். பிறகு யாரும் ஏற்றவில்லை.

லுமிர் இதையெல்லாம் அறியாதவர் இல்லை. ஆனால் அவருக்கு வேறொன்றும் தெரியும். மழை பொய்த்து வயல் மண்ணெல்லாம் புழுதியாகப் பறந்த வருடங்களில், வங்கி கையெழுத்தைக் காட்டி நிலங்களைப் பிடுங்கியபோது, அவருடைய அப்பா ஒரு ஜனவரிக் காலையில் செக் நாட்டிலிருந்து வந்த மற்றக் குடியானவர்களோடு சேர்ந்து தெற்கு வாசல் படிகளில் நின்றிருக்கிறார். படி முழுக்க ஆட்கள். வெளியூர்க்காரன் ஒருவன் விலை கேட்க வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த கயிற்றுச் சுருளை அவனுக்குக் காட்டினான். வாய் மூடிக்கொண்டது. பத்து சென்ட்டுக்கு நிலம் சொந்தக்காரனுக்கே திரும்பியது. அப்பா வாழ்க்கையில் ஜெயித்த ஒரே விஷயம் அதுதான். சாகும்வரை சொன்னார். தெற்கு வாசல், தெற்கு வாசல் என்று. லுமிர் உலகத்தில் முழுசாக நம்பிய ஆள் அவர் ஒருவர்தான்.

ஏலத்தன்று காற்று ஊசியாகக் குத்தியது. லுமிர் பிக்கப் வண்டியைத் தெற்குப் பக்கம் நிறுத்திவிட்டு, எதற்கும் மேற்கு வாசலுக்கும் போய்ப் பார்த்தார். அங்கே வளையத்துக்குப் பக்கத்தில் ஷெரீஃப் ஆபீஸ் பெண் டானா ரூப் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலத்துக்கா மிஸ்டர் கோட்டாஸ்? உள்ள வர வேண்டாம். இந்தப் படியிலதான். பத்து மணிக்கு ஷெரீஃப் வெளிய வந்து வாசிப்பாரு."

"இங்கன்னு யார் சொல்லச் சொன்னது உன்னை?"

"யாரும் சொல்லல. இந்த வாசல் மட்டும்தான திறந்திருக்கு. மத்ததெல்லாம் பூட்டின நாள்லேர்ந்து இங்கதான்."

"நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"வாரன் ரூப் மக."

"உங்க தாத்தா எங்கப்பாவுக்கு ஒரு கன்னுக்குட்டி வித்தாரு. மூணு கால்ல நடந்துச்சு."

"அதுக்கும் ஏலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு லுமிர் திரும்பினார்.

திரும்பிய இடத்தில் ப்ரென்ட் நின்றிருந்தான், பக்கத்தில் வக்கீல். சற்றுத் தள்ளி, லுமிர் பார்த்திராத ஓர் ஆள், பளபளப்பான பூட்ஸ், கையில் காகிதக் கோப்பையில் காபி. நிலம் வாங்க வந்தவன். முகத்திலேயே எழுதியிருந்தது.

"பெரியப்பா, இங்க வந்து நில்லுங்க. தூண் மறைவுல காத்து கம்மி" என்றான் ப்ரென்ட்.

லுமிருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது. இவன் கூப்பிடுகிறான், இவன் வக்கீல் இங்கே நிற்கிறான், வாங்குகிறவனும் இங்கே நிற்கிறான். தன்னை இந்த வாசலில் நிறுத்த வேண்டும் என்று இத்தனை பேருக்கு ஆசை இருக்கிறதென்றால் நிற்க வேண்டிய இடம் இது இல்லை. நடந்தார். மூலையைத் திரும்பித் தெற்குப் படிகளில் ஏறினார்.

தெற்குக் கதவில் சங்கிலி போட்டிருந்தது. படியோரம் பனிக்குத் தூவும் உப்பு மூட்டை ஒன்று பாதி கிழிந்து கிடந்தது. மேலே வளைவுக்குள் புறாக்கள். எதிரே ரயிலடி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. லுமிர் மேல்படியில் கதவுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

ஆல்வின் மூச்சிரைக்க வந்தான்.

"அடேய் லுமிர், எல்லாரும் அந்தப் பக்கம் நிக்கிறாங்க, நீ இங்க புறாவுக்குக் காவல் இருக்கியா?"

"சட்டப்படி இங்கதான் வரணும். வரட்டும்."

"வர மாட்டாங்கய்யா! மேக்குதான். நான் உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நீ பொய் சொல்றேன்னு யார் சொன்னா? உன்கிட்ட யாரோ பொய் சொல்லியிருக்கான். நீ அதை நம்பிட்டு வந்து நிக்கிற. நீ எப்பவுமே அப்படித்தான்."

"சரி, பொய்யாவே இருக்கட்டும். வந்து நில்லு. நின்னா என்ன குறைஞ்சிடும்?"

"நான் அங்க போய் நின்னா, அது முன்வாசல்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு ஜட்ஜ் கேப்பாங்க, நீதான் வந்து நின்னியேன்னு. புரியுதா?"

ஆல்வினுக்குப் புரியவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அப்ப நான் போய் உன் பேர்ல கேக்கட்டுமா? எவ்வளவு வரைக்கும் போகலாம், சொல்லு."

"கேட்டியானா இந்த ஜென்மத்துல உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். நீ கேட்டா நான் கேட்டதுதான்."

மூலையில் டானா ரூப் தலை தெரிந்தது. கையால் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "மிஸ்டர் கோட்டாஸ்! ஷெரீஃப் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு! வாங்க சார், சீக்கிரம்!"

"அவரை இங்க வரச் சொல்லு!"

"அப்படியெல்லாம் முடியாதுங்க!"

"அப்ப எனக்கும் முடியாது!"

அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். வளையத்தை விட்டு அதிக நேரம் நகரக் கூடாது அவள். தலை மறைந்தது.

கோபுரத்தில் பத்து அடித்துச் சில நிமிடம் ஆகிவிட்டது. காற்று மேற்கிலிருந்து ஒரு குரலைக் கொண்டுவந்து போட்டது, பாதிச் சொற்கள் மட்டும். யாரோ எதையோ வேகமாக, ஒரே ராகத்தில் வாசிக்கிற குரல். ஆல்வின் மூலைவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தான்.

"ஆரம்பிச்சுட்டாங்க! உன் நிலத்தை வாசிக்கிறான்யா!"

லுமிர் தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். பிறகு, சங்கிலி போட்ட கதவுக்கு முன்னால், காலியான தெருவைப் பார்த்து, தன் நிலத்தின் எல்லைகளை மனப்பாடமாகச் சொன்னார். வங்கி வாக்குக் கொடுத்த தொகையை முழுசாக, ஒரு டாலர் மிச்சம் வைக்காமல், உரக்கக் கேட்டார்.

"வேற யாராவது உண்டா?"

புறாக்கள்தான் இருந்தன.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஆல்வின், நீதான் சாட்சி."

ஆல்வின் கண்ணில் காற்றினால் தண்ணீர் வந்திருந்தது, காற்றினால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேற்கு வாசலில் நிலம் பளபள பூட்ஸ்காரனுக்குப் போனது. அவன் ஒருவன்தான் விலை கேட்டான், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. லுமிர் தெற்கு வாசலில் சொன்னதைவிடக் குறைந்த விலை. கொஞ்ச நஞ்சம் இல்லை, நிறையவே குறைவு.

ஷெரீஃப் விற்றால் மட்டும் போதாது, அதை ஜட்ஜ் உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஒரு விசாரணை உண்டு. லுமிர் வக்கீல் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. மேல்மாடிக் கூடத்தில் தகர முகடு உயரத்தில் தொங்கியது, பூ அச்சடித்த தகரம், ஒரு மூலையில் மழை ஒழுகிய கறை. அவ்வளவு பெரிய கூடத்தில் அன்றைக்கு இருந்தது பத்துப் பேர்கூட இல்லை. பேசினால் குரல் திரும்பி வந்தது.

ஜட்ஜ் ஹில்டா வின்டர்ஹல்ட் அந்த ஊரிலேயே பிறந்தவர். வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை. லுமிரை உட்காரச் சொன்னார். லுமிர் நின்றார்.

"சொல்லுங்க மிஸ்டர் கோட்டாஸ். விற்பனை ஏன் செல்லாதுங்கிறீங்க?"

"முன்வாசல்ல நடக்கல. பேப்பர்ல முன்வாசல்னு போட்டீங்க. முன்வாசல் தெக்கு. நான் அங்க இருந்தேன். அவங்க யாரும் வரல. அங்க நடந்த ஏலத்துல நான் ஒருத்தன்தான் கேட்டேன். அதனால நிலம் எனக்கு."

பின்னால் யாரோ இருமினார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை.

"தெற்குதான் முன்வாசல்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"எங்கப்பா அங்க நின்னாரு. ஏலம் அங்கதான் நடந்துச்சு. ஊருக்கே தெரியும். அப்புறம், மேல இருந்த அம்மாவும் தெக்கதான் பாத்துக்கிட்டு நின்னா."

"நீதி தேவதையா? அது காற்றுக்குத் திரும்புற சிலை. நம்ம ஊர்ல பாதி நாள் தெற்குக் காத்து. அதனால தெற்கே பார்த்துச்சு. வடக்குக் காத்து அடிச்சா வடக்கே பார்க்கும்."

"பாதி நாள் தெக்குன்னு நீங்களே சொல்றீங்க."

இப்போது ஜட்ஜே கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்கப்பா நின்னது எந்த மாசம்?"

"ஜனவரி."

"என் தாத்தாவும் அந்தக் காலத்து ஆள்தான். இங்க ஷெரீஃபா இருந்தாரு. அவர் சொல்லிக் கேட்டிருக்கேன். குளிர்காலத்துல தெற்குப் படியில ஏலம் விடுவாங்க, வெயில் அங்க விழும். கோடையில வடக்குப் படி, நிழலுக்காக. மழை வந்தா எந்தப் பக்கம் சாரல் அடிக்கலியோ அந்தப் பக்கம். இதைப் பத்தி யாரும் எதுவும் எழுதி வைக்கல, ஏன்னா எழுதினா மறுபடி சண்டை வரும். இந்தக் கட்டடத்துக்கு முன்வாசல்னு ஒண்ணு கிடையாது மிஸ்டர் கோட்டாஸ். இல்லாம இருக்கணும்னுதான் கட்டினாங்க. ஷெரீஃப் எங்க நிக்கிறாரோ அதான் முன்வாசல்."

லுமிர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்பா தெற்கில் நின்றது வெயிலுக்காக. படி நிறைய ஆட்கள் நின்றது, கயிற்றுச் சுருள், பத்து சென்ட், எல்லாம் வெயில் விழுகிற இடம் என்பதால். ஜட்ஜுக்கு அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஷெரீஃப் பேத்தி. அந்த ஜனவரியில் படியின் மேலே நின்று நிலத்தை விற்க வந்தவன் யார்? இவள் தாத்தாதானே. இவளிடம் வேறென்ன கதை இருக்கும்?

ஆல்வினைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தபின் ஆல்வினால் பொய் சொல்ல முடியாது. லுமிரிடம் மேற்கு என்று சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றான். எத்தனை முறை? தலையைக் குனிந்துகொண்டு, நிறைய முறை என்றான். டானா ரூப்பும் சொன்னாள். ஏலத்தைச் சற்று நேரம் நிறுத்திவைத்தது யார் என்று ஜட்ஜ் கேட்டார். ப்ரென்ட் எழுந்தான். "நான்தான் கேட்டுக்கிட்டேன். பெரியப்பா வந்துடுவாருன்னு நினைச்சேன்."

"இத்தனை பேர் உங்ககிட்ட சொல்லியிருக்காங்க" என்றார் ஜட்ஜ்.

"சொன்னவனை நம்பணும்னு சட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப?"

ஜட்ஜ் தகரக் கறையைப் பார்த்தார், இல்லை, அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்தார்.

"உங்க விலைதான் அதிகம். எனக்குத் தெரியும். அந்த விலையை நீங்க இந்தக் கட்டடத்தைச் சுத்தி வந்து சொல்லியிருந்தா நிலம் இன்னிக்கு உங்களோடது. யாரும் கேக்காத இடத்துல சொன்ன விலைய நான் விலைன்னு எடுத்துக்க முடியாது. விற்பனை செல்லும். வீட்டைக் காலி பண்ண உங்களுக்கு வசந்தம் வரைக்கும் நேரம் தர்றேன்."

அவ்வளவுதான். அடுத்த வழக்கின் ஆட்கள் ஏற்கெனவே வாசலில் நின்றார்கள்.

இரும்பு மாடிப்படியில் இறங்கும்போது ப்ரென்ட் பின்னாலேயே வந்தான். அவன் முகம் எமில் முகம்தான், சின்ன வயதில் அடி வாங்கினால் எமில் இப்படித்தான் இருப்பான்.

"பெரியப்பா, நீங்க வாங்குவீங்கன்னுதான் இதை ஏலத்துக்கே கொண்டுவந்தேன். அவனுக்குப் போகணும்னு எனக்கு என்ன ஆசை? நீங்க கேட்டிருந்தா எனக்கும் பணம் அதிகமாத்தான் கிடைச்சிருக்கும். யோசிச்சுப் பாருங்க."

லுமிர் யோசித்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கு இவ்வளவு சரியாக இருந்தால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

"அந்த பூட்ஸ்காரன் உனக்குத் தனியா என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல!"

"சரி."

"பெரியப்பா, எங்க வீட்ல ஒரு ரூம் இருக்கு. கீழ்த்தளத்துல. ஜன்னலும் இருக்கு. ஆன்ட்ரியாவும் வரச் சொல்லச் சொன்னா. நெஜமாத்தான்."

"காகிதம் எதுலயும் கையெழுத்து போடணுமா?"

"ரூம்ல தங்குறதுக்கு எதுக்குக் கையெழுத்து?"

"அதான் கேட்டேன்."

ப்ரென்ட் தாழ்வாரத்தின் நடுவில், இரண்டு வழியும் குறுக்கிடுகிற இடத்தில் நின்றுவிட்டான். நான்கு பக்கமும் நான்கு கதவு தெரிந்தது, மூன்றில் சங்கிலி. லுமிர் வளையம் இருந்த கதவு வழியாக வெளியே போனார், அது ஒன்றுதான் இருந்தது.

ஆல்வின் மேற்குப் படியில் காத்திருந்தான். ஏதோ சொல்ல வந்தான்.

"வேண்டாம்" என்றார் லுமிர்.

"சத்தியம் பண்ணச் சொன்னாங்கடா. என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ காதால கேட்டதைச் சொன்ன. உனக்கு அவங்க சொன்னதுதான் தெரியும்."

"வீட்டுக்கு வா. மார்த்தா சூப் வச்சிருக்கா. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."

லுமிர் படியிறங்கி, வண்டிக்கு நேராகப் போகாமல், கட்டடத்தைச் சுற்றி நடந்தார். வடக்குப் பக்கம் போய்த் தூணைப் பார்த்தார். கோதுமைக் கதிர். கிழக்கே போனார். அதே கதிர், அதே வளைவு, அதே தேய்ந்த படி. ஏதாவது ஒன்று, ஒரு கல் பெரியதாக, ஒரு செதுக்கல் கூடுதலாக இருக்கும், எவனோ ஒருவன் கண்டிப்பாக ஏமாற்றியிருப்பான் என்று நின்று நின்று பார்த்தார். தெற்குப் பக்கம் வந்தபோது தூணின்மேல் கையை வைத்தார். கல் ஜில்லென்று இருந்தது. மற்ற மூன்றையும் போலவே இருந்தது.

"நாலும் ஒண்ணா? யார் காதுல பூ சுத்துறாங்க" என்று சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து பிக்கப் வண்டியை நோக்கி நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.